ஷட்டில் ஆடும்போது கண் இருட்டினால் வேப்பை மட்டும் பழி சொல்லாதீர்கள்

தம்பி, முதலில் ஷட்டிலை நிறுத்துங்கள். ஓட்டம், ஜிம் எதுவும் பரிசோதனை முடியும்வரை வேண்டாம். வேலைக்குப் போகலாம், சாதாரணமாக நடக்கலாம். அதற்கு மேல் இப்போதைக்கு இல்லை.

உங்கள் கடிதத்தில் வேப்பால் வரும் என்று பயப்படும் பாப்கார்ன் நுரையீரல் நோய்க்கு ஒரு பக்கம், ஸ்மார்ட் வாட்ச் காட்டிய எண்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். நான் திரும்பத் திரும்பப் படித்த இடம் வேறு. "போன மாசம் ரெண்டாவது கேம்ல எகிறி அடிச்ச கையோட கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு, அப்படியே உட்கார்ந்துட்டேன், கொஞ்ச நேரத்துல சரியாயிடுச்சு" என்று போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குத் தாவிவிட்டீர்கள். அந்த ஆட்டத்துக்கு முன் பார்க்கிங்கில் நின்று வேப்பில் (மின் சிகரெட்டில்) நாலைந்து இழுப்பு இழுத்ததாகவும் சொல்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி: அப்பாவின் தம்பி 37 வயதில் தூக்கத்திலேயே இறந்துபோனார். உங்களுக்கு வயது 28. இரண்டு வருடத்துக்கு மேலாக வேப் இழுக்கிறீர்கள், சிகரெட் தொட்டதே இல்லை. 'சித்தப்பாவைப் போல நானும் போய்விடுவேனா' என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை. ஆனால் இரவில் தூங்கவிடாமல் செய்வது அந்தக் கேள்விதான் என்று படுகிறது. அதற்கே பதில் சொல்கிறேன்.

வெயிலில் வரிசையில் நின்று மயங்குவது, ஊசியைப் பார்த்ததும் தலை சுற்றுவது, ஆட்டம் முடிந்து சட்டென்று நின்றதும் கிறுகிறுப்பது இவையெல்லாம் பெரும்பாலும் ஆபத்தில்லாதவை. உடம்பு முழு வேகத்தில் இருக்கும்போதே கண் இருட்டுவது அப்படியல்ல. அந்த நேரத்தில்தான் இதயம் மூளைக்குக் குறையாமல் உடம்பு முழுக்க அதிக ரத்தத்தை அனுப்ப வேண்டும். அப்போது அனுப்ப முடியவில்லை என்றால் ஏன் என்று பார்த்தே ஆக வேண்டும். கூடவே குடும்பத்தில் ஒருவர் சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தால், எந்த இதய மருத்துவரும் இதைத் தள்ளிப்போட மாட்டார்.

நான் முதலில் சந்தேகிப்பது ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி. இதயத் தசை, முக்கியமாக இரண்டு கீழறைகளுக்கு நடுவில் உள்ள சுவர், அளவுக்கு மீறித் தடிக்கும் பரம்பரை நோய் இது. ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது, பலருக்குத் தெரியாமலே. தடித்த சுவர், ரத்தம் வெளியேறும் வாசலைக் குறுக்குகிறது. சும்மா இருக்கும்போது சமாளித்துவிடும். ஓடும்போது அட்ரினலின் ஏறி, இதயம் பலமாகச் சுருங்கச் சுருங்க அந்த வாசல் இன்னும் நெருங்கும். வெளியே போகும் ரத்தம் குறைந்து கண் இருட்டும். சில சமயம் துடிப்பின் தாளமே கெட்டுப்போகும். உயிர் போவது பெரும்பாலும் அப்படித்தான். நம் வீடுகளில் திடீர்ச் சாவு என்றால் "அட்டாக்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். பிரேதப் பரிசோதனை செய்யாத நிலையில் சித்தப்பாவுக்கு வந்தது ரத்தக்குழாய் அடைப்பா, தசை நோயா, மின்னோட்டக் கோளாறா என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் இதயத்தைப் பார்க்க முடியும். நல்ல செய்தி அதுதான்.

இந்த நோயை வேப் உண்டாக்காது. ஆனால் நிகோட்டின் நேராக அட்ரினலினைத் தூண்டுகிறது. வேப் புகையில் இழுத்த நிகோட்டின் சில நிமிடங்களில் ரத்தத்தில் உச்சத்துக்கு ஏறிவிடும். துடிப்பு கூடும், ரத்த அழுத்தம் ஏறும், ரத்தக்குழாய்கள் இறுகும். பார்க்கிங்கில் இழுத்துவிட்டு உடனே கோர்ட்டில் இறங்கும்போது, ஓட்டம் தரும் அட்ரினலினோடு இதுவும் சேர்கிறது. வாசல் ஏற்கெனவே குறுகலாக இருந்தால் இதைவிட மோசமான சேர்க்கை கிடையாது.

உங்கள் கருவியின் மேல் 5 சதவீதம் என்று போட்டிருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் ஒரு மில்லி திரவத்தில் ஏறத்தாழ 50 மில்லிகிராம் நிகோட்டின். ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் உச்ச அளவே 20 தான். இந்தியாவில் 2019 முதல் இவற்றின் விற்பனைக்குத் தடை இருப்பதால், திருட்டுத்தனமாக வரும் சரக்கின் லேபிளை நம்பவும் வழியில்லை. அப்புறம், "தொண்டையில் காரமே இல்லை, அதனால் லைட்டானது" என்று எழுதியிருக்கிறீர்கள். காரம் தெரியாததற்குக் காரணம் அது நிகோட்டின் சால்ட் என்பது. அமிலம் சேர்த்து எரிச்சலைக் குறைத்திருக்கிறார்கள். எரிச்சல் குறைந்தால் ஆழமாக இழுக்கலாம், அடிக்கடி இழுக்கலாம். சிகரெட் என்றால் ஒன்று முடிந்ததும் அணைந்துவிடும், எத்தனை என்று எண்ணலாம். இதற்கு முடிவே இல்லை. உங்களுக்கே ஒரு நாளைக்கு எவ்வளவு என்று சொல்லத் தெரியவில்லை, பாருங்கள்.

மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பாப்கார்ன் நுரையீரல்: சிறு மூச்சுக்குழாய்கள் தழும்பாகி அடைபடும் இந்த நோய், பாப்கார்ன் ஆலையில் வெண்ணெய் மணப் பொருளைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு வந்தது. உங்கள் கவலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். 2019-20இல் அமெரிக்காவில் வேப் இழுத்தவர்கள் 68 பேர் நுரையீரல் கெட்டு இறந்தது உண்மை. ஆனால் அதில் பெரும்பங்கு கஞ்சா எண்ணெயில் கலந்த வைட்டமின் இ அசிடேட்டுக்கு. யாராவது "ஸ்பெஷல்" என்று நீட்டினால் தொடாதீர்கள். இழுத்த பிறகு துடிப்பு 110 காட்டுவது நிகோட்டின் செய்யும் வேலை, அதைக் குறித்துவைக்கத் தேவையில்லை. எப்போதாவது ஒரு துடிப்பு எகிறுவது போலத் தோன்றுவது நல்ல இதயத்திலும் உண்டு. வாட்ச் "நார்மல்" என்று சொன்னதை வைத்து நிம்மதி அடையவும் வேண்டாம். அது ஒரே கோணத்தில் தாளத்தைப் பார்க்கிறது. சுவர் தடித்திருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

வேப் இழுத்தால் மாரடைப்பு இரண்டு மடங்கு என்று ஒரு லிங்க் அனுப்பியிருக்கிறீர்கள். 2019இல் வெளியான அந்தக் கட்டுரையை அடுத்த ஆண்டே இதழ் திரும்பப் பெற்றுவிட்டது. மாரடைப்பு வந்த பிறகு வேப்புக்கு மாறியவர்களையும் அதில் சேர்த்து எண்ணியிருக்க வாய்ப்பு உண்டு என்பதுதான் சிக்கல். அதே வேகத்தில் உங்கள் நண்பர் சொல்லும் "95 சதவீதம் பாதுகாப்பு" என்பதையும் தள்ளுங்கள். 2015இல் பிரிட்டனில் சொன்ன அந்தக் கணக்கு, சிகரெட்டோடு ஒப்பிட்டுச் சொன்னது. ஸ்காட்லாந்தின் டண்டீயில் 114 புகைப்பவர்களை வைத்து நடந்த ஆய்வில், வேப்புக்கு மாறிய ஒரே மாதத்தில் ரத்தக்குழாய்கள் விரியும் தன்மை தேறியது. சிகரெட்டைவிட்டு வந்தவருக்கு அது லாபம். நீங்கள் எதைவிட்டு வந்தீர்கள்? சுத்தமான நுரையீரலையும் ரத்தக்குழாயையும் வைத்துக்கொண்டு இதற்குள் நுழைந்தவருக்கு நஷ்டம் மட்டும்தான். அதுவும் நம் தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53, மற்ற நாட்டவருக்கு ஏறத்தாழ 59 என்று 2007இல் வந்த பெரிய ஆய்வு காட்டியிருக்கிறது. விளையாட நமக்கு இடமே இல்லை.

இனி, எனக்குக் கோபம் வந்த இடம். ரூம்மேட்டின் ப்ரோப்ரனலாலை (இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை) படபடப்பு வரும்போதெல்லாம் போட்டுக்கொள்கிறீர்கள். நெட்டில் படித்துவிட்டு தினமும் ஆஸ்பிரின். போதாததற்கு வாட்ஸ்அப்பில் வந்த "உயிர் காக்கும் கிட்" என்று பர்ஸில் சார்பிட்ரேட், நாக்குக்கு அடியில் வைக்கும் நெஞ்சுவலி மாத்திரை. சின்ன வயதில் வீசிங் இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வீசிங் உள்ளவருக்கு ப்ரோப்ரனலால் மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். ஆஸ்பிரினுக்கு உங்களிடம் எந்தக் காரணமும் இல்லை, வயிற்றைப் புண்ணாக்குவது தவிர அது எதுவும் செய்யப்போவதில்லை. சார்பிட்ரேட்தான் என்னைப் பயமுறுத்துகிறது. அது ரத்தக்குழாய்களை விரித்து, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைக் குறைக்கும். அடைப்பு உள்ளவருக்கு நெஞ்சுவலி தணியும். தடித்த சுவர் உள்ளவருக்கோ, அறை சுருங்கி வாசல் இன்னும் நெருங்கி, இருட்டிய கண் திறக்காமலே போகலாம். இன்றைக்கே பர்ஸிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆஸ்பிரினையும் விடுங்கள். ப்ரோப்ரனலாலை நீங்கள் தினமும் போடவில்லை என்பதால் அதையும் அப்படியே விட்டுவிடலாம்.

இந்த வாரத்துக்குள் ஓர் இதய மருத்துவரைப் பாருங்கள். "ஓடும்போது கண் இருட்டியது, சித்தப்பா 37 வயதில் தூக்கத்தில் இறந்தார்" என்ற இரண்டையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். முழு இசிஜி, எக்கோ (இதயத்தை அல்ட்ராசவுண்டில் பார்க்கும் ஸ்கேன்) இரண்டும் முதலில். தள்ளுபடியில் கிடைக்கிறது என்று மாஸ்டர் செக்கப் பேக்கேஜ் எடுத்து நேராக டிரெட்மில்லில் ஏறிவிடாதீர்கள். எக்கோவைப் பார்த்த பிறகு, மருத்துவர் பக்கத்தில் நிற்கும்போது ஓடுவதுதான் முறை. எக்கோ நார்மலாக வந்தாலும் அத்தோடு எழுந்து வந்துவிட வேண்டாம். ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்ட்டர் கேட்பார்கள், செய்துகொள்ளுங்கள். வேப் இழுப்பதை மறைக்காதீர்கள். தடைச் சட்டத்தை நினைத்துத் தயங்க வேண்டாம், மருத்துவரிடம் சொல்வது மருத்துவரோடு நிற்கும்.

அதற்குள் மறுபடி கண் இருட்டினாலோ, மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு இறுக்கிப் பிடித்தாலோ வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் 108ஐ அழையுங்கள்.

வேப்பை இன்றைக்கே நிறுத்தலாம். சட்டென்று நிறுத்துவதால் இதயத்துக்கு எந்தக் கெடுதலும் இல்லை. முதல் மூன்று நாள் எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை இருக்கும், சில வாரங்களில் படிப்படியாக அடங்கும். நிகோட்டின் சூயிங்கம்மை நீங்களாகவே வாங்காதீர்கள். அதுவும் நிகோட்டின்தான், எக்கோ பார்த்தபின் மருத்துவர் சொன்னால் போடலாம். பேச ஆள் வேண்டுமென்றால் 1800-11-2356, அரசின் இலவசப் புகையிலை நிறுத்த உதவி எண்.

இதய மருத்துவரிடம் போகும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். "எனக்கு ஒன்றுமில்லை" என்பார். இந்த நோய் உள்ளவர்களில் பலர் அப்படித்தான் சொல்வார்கள், அவருக்கும் ஓர் இசிஜி, எக்கோ எடுத்துவிடுங்கள். சித்தப்பாவின் இரண்டு பிள்ளைகள் கல்லூரியில் படிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு இருந்தது இந்த நோய்தான் என்றால், அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வந்திருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. உங்களைப் போலவே அவர்களுக்கும் பரிசோதனை அவசியம். இன்று சாயங்காலமே சித்திக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள்.