டஸ்ட் ஆக்கலாமா, வேண்டாமா?

கேள்வி: அண்ணா, ஹார்த்ஸ்டோன்ங்கிற ஆன்லைன் கார்டு கேம் ஆட ஆரம்பிச்சு ரெண்டு வாரம் ஆச்சு. 600 கோல்டு (கேம் காசு) இருக்கு, செட்டுக்கு (ஒண்ணா வெளியாகுற கார்டு தொகுப்பு) ஒரு பேக்னு வாங்கட்டா? வேணாத கார்டை எல்லாம் உடைச்சு, வேற கார்டு செய்ய உதவுற டஸ்ட் ஆக்கிடலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: அவசரப்படாதீங்க தம்பி. பேக் 100 கோல்டு, உள்ள 5 கார்டு, ஆனா புது செட்ல முதல் 10 பேக்குக்குள்ள ஒரு லெஜண்டரி (ரொம்ப அரிதான கார்டு) கண்டிப்பா வரும், அதனால இன்னும் 400 சேர்த்து ஒரே செட்ல போடுங்க, அங்கொண்ணு இங்கொண்ணுனு வாங்குனா அந்த சலுகை கிடைக்காம போயிடும். பழைய செட் வேணாம், வருஷா வருஷம் ஸ்டாண்டர்ட்ல (புது செட் கார்டை மட்டும் வச்சு ஆடுற முறை) இருந்து தூக்கிடுவாங்க.

டஸ்ட்தான் பெரிய பொறி. லெஜண்டரிய உடைச்சா 400 தான் வரும், புதுசா செய்யணும்னா 1600, அதாவது நாலைக் கொடுத்து ஒண்ணு வாங்குற வியாபாரம் (நானும் ஆரம்பத்துல இதை ஆசையா பண்ணி முழிச்சவன்தான்). மூணாவதா வந்த காப்பிய மட்டும் உடைங்க, டெக்ல (ஆட எடுத்துட்டுப் போற கார்டு கட்டு) ஒரே கார்டை ரெண்டுக்கு மேல வைக்க முடியாதுல்ல. லெஜண்டரின்னா ஒண்ணுதான். ஒரு கார்டோட பவரை குறைச்சாங்கன்னா கொஞ்ச நாளைக்கு அதை உடைச்சா முழு டஸ்ட்டும் திரும்பக் கிடைக்கும், அப்போ யோசிக்கவே வேணாம்.

முதல்ல ஒரே ஒரு கிளாஸ் (ஹீரோ வகை) எடுத்து, காமன், ரேர் கார்டாவே 30 நிரப்பி ஆடுங்க.