‘பொல்லாக்’ படத்தை வீட்டோடு பார்க்கலாமா?

அன்புள்ள ஐயா,

ஓவியர் ஜாக்சன் பொல்லாக் பற்றிய ‘பொல்லாக்’ படத்தை ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து பார்க்க நினைக்கிறோம். மகன் பிளஸ் ஒன், ஓவியக் கல்லூரியில்தான் சேர்வேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். மகளுக்கு எட்டு வயது. வீட்டில் ஒரே ஹால். என் அண்ணன் போர்டு ஆர்ட்டிஸ்ட்டாக இருந்தவர், குடித்தே போய்ச் சேர்ந்தார். அதனால் கொஞ்சம் பயம்.

ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

சின்னவளோடு வேண்டாம். கெட்ட வார்த்தைகள் நிறைய, படுக்கையறைக் காட்சியும் உண்டு. அவளை ஆயா வீட்டுக்கு அனுப்பிவிட்டு நீங்களும் மகனும் பாருங்கள். அவனைத் தனியாகப் பார்க்க விடாதீர்கள்.

எட் ஹாரிஸ் இயக்கி நடித்து 2000இல் வந்த படம். குடியை அழகுபடுத்தவில்லை. ஆனாலும் ஓர் இடம் எனக்கு உறுத்தல். வெற்றுக் கேன்வாஸ் முன்னால் நாள்கணக்கில் உட்கார்ந்திருப்பவர், ஒரே ராத்திரியில் இருபதடி அகல ஓவியத்தை முடித்துவிடுவார். பதினாறு வயசுப் பையனுக்குப் புல்லரிக்கும். கலைப் பொருள் சேகரிப்பாளர் பெக்கி குகன்ஹைம் வீட்டுக்காக 1943இல் வரைந்தது அது. பிற்பாடு அமெரிக்காவின் கெட்டி கலை மையத்தில் அதைச் செப்பனிட்டவர்கள் ஆராய்ந்தபோது, பல இடங்களில் ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்த பூச்சு ஏறியிருந்தது தெரிந்தது. எண்ணெய் வண்ணம் ராத்திரியில் காயுமா? உங்கள் மகனையே கேளுங்கள்.

அடுத்தது, நீங்கள் பயப்படும் விஷயம். 1948 கடைசியிலிருந்து இரண்டு வருடம் போல பொல்லாக் குடிக்கவில்லை. ‘ஆட்டம் ரிதம்’ (Autumn Rhythm) போன்ற பேர்பெற்ற ஓவியங்கள் அந்தக் காலத்தில் வந்தவை. 1950 நவம்பரில், தன்னைப் படமெடுக்க வந்தவரோடு குளிரில் வேலையை முடித்துவிட்டு உள்ளே வந்து பாட்டிலைத் திறக்கிறார். விருந்தாளிகள் உட்கார்ந்திருக்க, சாப்பாட்டு மேஜையை அப்படியே கவிழ்க்கிறார். அதற்கப்புறம் இறங்குமுகம்தான். 1956 ஆகஸ்ட் 11, குடித்துவிட்டு ஓட்டிய கார் மரத்தில் மோதி 44 வயதில் சாவு. கூட வந்த ஓர் இளம்பெண்ணும் செத்தாள். குடித்ததால் வரைந்தார் என்று மகன் கணக்குப் போட்டால், இந்த வருடங்களை அவன் முன்னால் வையுங்கள்.

பழைய கொட்டகைக்குள் அவர் வேலை செய்யும் காட்சிகளை மட்டும் தள்ளிவிடாதீர்கள். கேன்வாஸ் தரையில் கிடக்கும். டப்பாவில் குச்சியை முக்கி, ஒழுகும் கோடு அறுந்துவிடாமல் கையை ஓட்டிக்கொண்டே நகர்வார். கையில் இருப்பது வீட்டுக்கு அடிக்கிற எனாமல் பெயிண்ட். போர்டு எழுதிய உங்கள் அண்ணனும், காசிமேட்டில் படகுக்குப் பெயர் எழுதுகிறவர்களும் புழங்கும் சாமான்.

நீங்கள் மனைவி லீ கிராஸ்னரைக் கவனியுங்கள். அவரும் ஓவியர். கொட்டகை கணவருக்கு, மாடியில் ஒரு சின்ன அறை இவருக்கு. கணவர் செத்த பிறகுதான் கொட்டகை இவர் கைக்கு வந்தது. மார்சியா கே ஹார்டனுக்கு இந்த வேடத்துக்காக ஆஸ்கர் கிடைத்தது, நியாயமான பரிசு.

அப்புறம் கல்லூரி. 1850இல் தொடங்கிய கவின் கலைக் கல்லூரி எழும்பூர்ப் பக்கம்தானே இருக்கிறது. மாணவர் கண்காட்சி நடக்கும்போது ஒருநாள் அவனைக் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள்.