அட்மின் பாஸ்வேர்டு கேட்கும் அப்டேட்: கேள்வி பதில்

அலுவலகக் கணினியில் அட்மின் உரிமை (மென்பொருள் நிறுவவும் அமைப்பை மாற்றவும் அனுமதி) இல்லாதவர்களும், அந்த உரிமையை வைத்துக்கொண்டு தவிப்பவர்களும் கேட்டவை இவை. எல்லாமே விண்டோஸ் பற்றியவை.

எனக்கு அட்மின் உரிமை கிடையாது. என் கணினியில் விண்டோஸ் அப்டேட்டே ஆகாதா? (கணக்குப் பிரிவு ஊழியர்)

ஆகும். அது உங்கள் கணக்கில் ஓடுவதில்லை, விண்டோஸின் சொந்தக் கணக்கான சிஸ்டம் கணக்கில் பின்னணியில் ஓடுகிறது. ‘செக் ஃபார் அப்டேட்ஸ்’ அழுத்தவும் சாதாரணக் கணக்கே போதும், அலுவலகம் அதைப் பூட்டி வைக்காத வரை. நீங்கள் செய்ய வேண்டியது ரீஸ்டார்ட் மட்டும்தான். தினமும் ஷட்டவுன் செய்கிறேனே என்பீர்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கும் கணினியில் சாதாரண ஷட்டவுன் என்பது முக்கால் தூக்கம். விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலை வட்டில் சேமித்து வைத்து, மறுநாள் அதையே எடுத்துக்கொள்கிறது. அது ரீஸ்டார்ட்டுக்கு ஈடாகாது. ‘அப்டேட் அண்ட் ரீஸ்டார்ட்’ தெரிந்தால் அதை அழுத்துங்கள்.

குரோம் தானாக அப்டேட் ஆகிறது. பிடிஎஃப் மென்பொருள் மட்டும் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்கிறதே?

‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டரில் கை வைக்க அட்மின் உரிமை வேண்டும். குரோமை அட்மின் நிறுவும்போதே, சிஸ்டம் உரிமையோடு ஓடும் ஓர் அப்டேட்டரும் கூடவே உட்கார்ந்துவிடுகிறது. ஃபயர்ஃபாக்ஸுக்கு அப்படி ஒரு சர்வீஸ் 2012இல், 12ஆம் பதிப்பில் வந்தது. அந்த ஏற்பாடு இல்லாத மென்பொருள் உங்களிடம்தான் வந்து நிற்கும்.

இன்னொரு வகை உண்டு. பயனரின் சொந்த ‘ஆப்டேட்டா’ ஃபோல்டரிலேயே போய் உட்காரும், பாஸ்வேர்டே கேட்காது. கேட்க நன்றாக இருக்கும், எனக்கோ தலைவலி. ஒரே கணினியை ஐந்து பேர் பயன்படுத்தினால் ஐந்து பிரதிகள், ஐந்து பதிப்புகள். போன வருடம் வேலையை விட்டுப் போனவரின் பழைய மீட்டிங் ஆப் அவருடைய புரொஃபைலில் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும். நான் இவற்றை நீக்கிவிட்டு, கணினி முழுமைக்கும் ஒரே பிரதியாக நிறுவிவிடுவேன்.

மொத்தம் 12 கணினிதான். எல்லோருக்கும் அட்மின் கொடுத்துவிட்டால் தொல்லை தீருமே? (சிறு நிறுவன உரிமையாளர்)

வேண்டாம் சார். தப்பான ஓர் இணைப்பைத் திறந்தால் அதற்கும் அதே உரிமை போய்ச் சேரும். 12க்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்டு வைப்பதும் கூடாது. டொமைன் (எல்லாக் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் ஏற்பாடு) இருந்தால், 2023 ஏப்ரல் முதல் விண்டோஸிலேயே வரும் ‘லாப்ஸ்’ என்ற வசதி ஒவ்வொரு கணினிக்கும் வேறு பாஸ்வேர்டு வைத்து அவ்வப்போது மாற்றியும் விடும். டொமைன் இல்லையா? தனித்தனி பாஸ்வேர்டு எழுதி பீரோவில் பூட்டிய நோட்டுப் புத்தகம் கூடப் பரவாயில்லை.

பழைய பில்லிங் மென்பொருள் அட்மினாக ஓடினால்தான் வேலை செய்கிறது.

பெரும்பாலும் அது தன் டேட்டாவைப் புரோகிராம் ஃபைல்ஸுக்குள்ளேயே எழுதப் பார்க்கும். அந்த டேட்டா ஃபோல்டருக்கு மட்டும் எழுதும் உரிமை கொடுங்கள். மென்பொருளை ஓட வைக்கும் இஎக்ஸ்இ கோப்பு இருக்கும் ஃபோல்டருக்குக் கொடுத்துவிடாதீர்கள், யார் வேண்டுமானாலும் அதை மாற்றி வைத்துவிடலாம்.

முன்பெல்லாம் நெட்வொர்க் பிரிண்டரை நானே சேர்ப்பேன். இப்போது ஏன் முடியவில்லை?

2021 ஜூலையில் விண்டோஸின் பிரிண்ட் வசதியில் ‘பிரிண்ட்நைட்மேர்’ என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்தது. ஆகஸ்ட் 10 அப்டேட்டில், பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரை நிறுவ அட்மின் உரிமை கட்டாயமானது. ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புகளின் பதிவேடு) ஒரு மதிப்பை மாற்றினால் பழையபடி ஆகும் என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். டிரைவரை ஐடி ஆட்கள் முன்கூட்டியே எல்லாக் கணினியிலும் போட்டு வைக்கட்டும்.

அப்டேட்டை எத்தனை நாள் தள்ளிப் போடலாம்? (புதிதாக ஐடி பொறுப்பேற்றவர்)

மாதத்தின் இரண்டாவது செவ்வாய் இரவு, நம் நேரப்படி 10.30க்கோ 11.30க்கோ வரும். புதன் காலை நான்கைந்து கணினிகளில் மட்டும் விடுவேன். அதில் ஒன்றாவது பிரிண்டர் இணைந்ததாக இருக்கும். ஒரு வாரத்தில் மற்றவை. அந்த இரண்டாவது செவ்வாய் 8 முதல் 14ஆம் தேதிக்குள் விழும், நடுவில் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ஜிஎஸ்டி ரிட்டர்ன்) கடைசி நாள் நிற்கும். அன்று கணக்குப் பிரிவுப் பக்கம் போகமாட்டேன். 20ஆம் தேதி, வரி கட்டும் 3பி ரிட்டர்னின் கடைசி நாள் அன்றும் அப்படியே.

ஆனால் மாதக்கணக்கில் தள்ள வேண்டாம். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை 2017 மே 12 அன்று தாக்கியது. அதைத் தடுக்கும் அப்டேட் மார்ச் 14 அன்றே வந்துவிட்டது.

கிளையண்டோடு பேசிக்கொண்டிருக்கும்போதே ரீஸ்டார்ட் ஆகிவிட்டது!

‘ஆக்டிவ் ஹவர்ஸ்’ (தானாக ரீஸ்டார்ட் ஆகக் கூடாத நேரம்) பாருங்கள், 18 மணி நேரம் வரை வைக்கலாம். அந்த அமைப்பு பூட்டப்பட்டிருந்தால் உங்கள் ஷிஃப்ட் நேரத்தை ஐடிக்கு எழுதி அனுப்புங்கள். நீங்கள் இரவு ஷிஃப்ட் என்பதே அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.