திருமண நாள் இரவு உணவு: கொடைக்கானலில் உணவகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதல் திருமண நாளுக்கு மனைவியைக் கொடைக்கானலுக்கு அழைத்துப் போகிறேன், இரவு உணவுக்கு ஏரி தெரியும்படியான நல்ல உணவகம் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரையில் வசிக்கும் நானும் என் மனைவியும் பதினொரு ஆண்டுகளாகத் திருமண நாளன்று அந்த மலைக்குப் போய் வருகிறோம். இரவு உணவுதான் என்று முடிவு செய்துவிட்டீர்களானால், ஏரி தெரிய வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள் என்பதே என் பதில்.

எங்கள் முதல் ஆண்டில் நானும் உங்களைப் போலத்தான் சன்னலோர மேசைக்காக ஒரு வாரத்துக்கு முன்பே சொல்லி வைத்திருந்தேன். தை மாதம். ஏழரை மணிக்குப் போய் உட்கார்ந்தபோது ஏரி இருந்த திசையில் கும்மிருட்டும், கண்ணாடியில் எங்கள் தலைக்கு மேல் எரிந்த டியூப்லைட்டின் பிம்பமும்தான் தெரிந்தன. கண்ணாடியை ஒட்டியிருந்ததால் குளிர் தோளில் இறங்கியது. மட்டன் குழம்பு வந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, கிண்ணத்தின் ஓரத்தில் கொழுப்பு வெள்ளை வளையமாக உறைந்துவிட்டது. என் மனைவி சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, "சாப்பிட்டுட்டுச் சீக்கிரம் ரூமுக்குப் போயிரலாங்க" என்றாள். அன்று சொல்ல வேண்டும் என்று நான் மனத்தில் சேர்த்து வைத்திருந்தது எதையும் சொல்லாமலே எழுந்து வந்தோம்.

மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் 1863-இல் உருவாக்கிய அந்த ஏரி எத்தனை அழகானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது பகலுக்கு உரிய அழகு. எந்த மாதமானாலும் ஏறத்தாழ ஆறே முக்கால் மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும். அதற்குப் பிறகு சன்னலுக்குத் தனி மதிப்பு ஏதுமில்லை. ஏரியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டும் என்பதுதான் உங்கள் மனைவியின் ஆசை என்றால், ஏரிக்கரையில் இருக்கும் கார்ல்டன் போன்ற ஓர் இடத்தில் மதிய உணவையே திருமண நாள் விருந்தாக வைத்துக்கொள்ளலாம். அதில் எந்தக் குறைவும் இல்லை.

இரவுக்கு நான் பார்ப்பது கதகதப்பைத்தான். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால், சூப்பும் தேநீரும் நம் ஊரில் இருப்பதைவிடச் சூடு குறைவாகவே கோப்பையில் விழுகின்றன. மேசைக்கு வந்தபின் குளிர் காற்று மிச்சச் சூட்டையும் வாங்கிக்கொள்கிறது. ஆகவே எண்ணெய் மிதக்கும் குழம்பு வகைகளைவிட, அடுப்பிலிருந்து நேரே தட்டுக்கு வருபவற்றை வரவழைப்பது நல்லது. பி.டி. ரோட்டில் கிளவுட் ஸ்ட்ரீட் போன்ற உணவகத்தில் விறகு அடுப்பில் சுட்டுத் தரும் பீட்சாவும், அங்கங்கே இருக்கும் திபெத்தியக் கடைகளின் ஆவி பறக்கும் மோமோவும், துக்பா என்னும் நூடுல்ஸ் சூப்பும் அந்தக் குளிருக்கு வெகு பொருத்தம். பெரிய விடுதியின் உணவுக்கூடத்தில் நீளமான மேசையில் பரப்பி வைத்திருக்கும் பஃபேயை நான் திருமண நாளுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். இருவரில் ஒருவர் எப்போதும் தட்டோடு வரிசையில் நின்றுகொண்டிருப்பார்.

திருமணம் எந்த மாதத்தில் நடந்தது என்பதும் உணவகத்தைத் தீர்மானிக்கிறது. நம்மவர் திருமணங்களில் பெரும்பகுதி தை, வைகாசி, ஆவணி ஆகிய மாதங்களில் வருகின்றன. தை என்றால் ஏரியைச் சுற்றிய தாழ்வான பகுதிகளில் உறைபனிகூட விழலாம். குளிர்காயத் தீ மூட்டும் கணப்பு இல்லாத உணவகத்தை நினைக்கவே வேண்டாம். ஆவணியில் மாலை மழையும் மூடுபனியும் உண்டு, குடையோடு நடந்து போகக்கூடிய தூரத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். வைகாசியின் முற்பாதிதான் கடினமானது. கோடை விடுமுறைக் கூட்டம் இன்னும் குறையாத நேரம் அது; நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் எடுத்துத்தான் மலையேற முடிகிறது என்றாலும் ஏழு ரோடு சந்திப்பில் வண்டிகள் நகர நேரமாகும். அந்த மாதத்தில் சனி, ஞாயிறை விட்டுவிட்டு ஒரு வாரநாளில் கொண்டாடினால் பரிமாறுபவருக்கும் உங்களைக் கவனிக்க நேரம் இருக்கும்.

உணவகத்தைத் தொலைபேசியில் அழைக்கும்போது, "கணப்பு இருக்கிறதா?" என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "இன்று இரவு அதை மூட்டுவீர்களா, அதற்குப் பக்கத்து மேசையை எங்களுக்காக வைத்திருப்பீர்களா?" என்று கேளுங்கள். அடுப்பை எத்தனை மணிக்கு அணைப்பார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள். மலையில் பல சமையலறைகள் ஒன்பது மணிக்கெல்லாம் அடங்கத் தொடங்கிவிடும், கடைசி நேரத்தில் போனால் எதிர் மேசையில் நாற்காலியைக் கவிழ்த்துக்கொண்டிருக்கும் ஓசையில்தான் சாப்பிட வேண்டியிருக்கும். பிறகு, திரும்பி வரும் வழி. வட்டக்கானலிலோ பூம்பாறைப் பக்கமோ தங்குகிறீர்கள் என்றால் இரவில் நகருக்கு வந்து சாப்பிட்டுத் திரும்புவது எனக்கு உடன்பாடில்லை. பனிமூட்டத்தில் எதிரே வரும் வண்டியே தெரியாது. காட்டெருமைகள் நகரத் தெருக்களிலேயே இருட்டில் நிற்கும். அப்படித் தங்குபவர்கள் விடுதிக்காரரிடம் முன்கூட்டிச் சொல்லி, அங்கேயே இருவருக்கு மட்டும் சமைத்துத் தரச் சொல்வதுதான் நிம்மதி.

மதுரைப் பக்கமிருந்து ஏறுவதாக இருந்தால் நிலக்கோட்டையில் நிறுத்தி மல்லிகை வாங்கிக்கொள்ளுங்கள். தை மாதத்தில் விலை ஏறித்தான் கிடக்கும். இரண்டு முழமாவது, நன்றாக இறுகிய மொட்டாகப் பார்த்து வாங்குங்கள். மலைக்குளிரில் மொட்டு எளிதில் விரியாது. ஐந்தாம் ஆண்டில் முதன்முறையாகக் கணப்புக்கு அருகே மேசை பிடித்து உட்கார்ந்தோம். சூப் குடித்து முடிக்கும் நேரத்தில் என் மனைவி சால்வையைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். அவள் தலையில் மதியத்திலிருந்து மூடியே கிடந்த மொட்டுகள் அந்தச் சூட்டில் ஒவ்வொன்றாக விரிய, மேசை முழுவதும் மணந்தது. அன்று உணவகத்தில் கடைசியாக எழுந்தவர்கள் நாங்கள்தான்.