பதினான்கு வயதுக்குப் பிறகும் பேச்சு வளருமா?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவள். நாங்கள் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரிகிறது. அவள் பேசுவது வீட்டில் எங்களுக்கு ஓரளவு புரிந்தாலும், பஸ்ஸிலும் கடையிலும் எவருக்கும் புரிவதில்லை. ஐந்து வயது வரை பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துச் சென்றோம், பிறகு நிறுத்திவிட்டோம். இனித் தொடங்கினால் பலன் இருக்குமா? வீட்டில் ஆங்கிலத்தில் மட்டும் பேசும்படி பள்ளியில் சொல்கிறார்கள். படத்தைத் தொட்டால் குரல் வரும் செயலியைச் செல்போனில் போட்டுக் கொடுக்கலாம் என்கிறான் என் தம்பி. அதைக் கொடுத்தால் இவள் வாயே திறக்கமாட்டாள் என்று மாமியார் அஞ்சுகிறார். தனியாக இருக்கும்போது தனக்குத்தானே பேசிக்கொள்வதும் கவலையாக இருக்கிறது.
— திருச்சியிலிருந்து ஒரு தாய்

பதில்: பலன் இருக்கும். ஐந்தாறு வயதுக்குள் வராத பேச்சு அதன்பின் வராது என்ற எண்ணம் பெற்றோரிடம் மட்டுமல்ல, மருத்துவர்கள் சிலரிடமும் இன்னும் இருக்கிறது. பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வரும் டவுன் சிண்ட்ரோமைப் பொறுத்தவரை அது சரியல்ல. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ராபின் சாப்மனும் அவருடைய குழுவினரும் டவுன் சிண்ட்ரோம் உள்ள சிறுவர்களையும் இளைஞர்களையும் ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2002-இல் வெளியிட்ட ஆய்வு, பதின்ம வயதிலும் அவர்களுடைய வாக்கியங்கள் நீண்டுகொண்டே வருவதைக் காட்டியது. ஆனால் ஐந்து வயதில் செய்த பயிற்சியையே பதினான்கு வயதில் மீண்டும் தொடங்குவதில் பொருளில்லை. ஒவ்வொரு எழுத்தையும் திருத்தமாக ஒலிக்கவைப்பதை இலக்காக வைக்காதீர்கள். அவள் அன்றாடம் போகும் மூன்று நான்கு இடங்களில், அவளை முன்பின் அறியாத ஒருவருக்கு அவள் சொல்லவந்தது போய்ச் சேர வேண்டும். அதற்குப் பயிற்சி அவளுக்கு எவ்வளவு தேவையோ, அவளைச் சுற்றியுள்ளவர்களுக்கும் அவ்வளவு தேவை.

புரிதல் முன்னே செல்ல, பேச்சு பின்தங்கி நிற்பது டவுன் சிண்ட்ரோமின் பொதுவான இயல்பு. இதற்கு ‘நாக்குத் தடிப்பு’ காரணம் என்று பலரும் சொல்வார்கள். பெரும்பாலானவர்களுக்கு நாக்கு இயல்பான அளவில்தான் இருக்கிறது. முகத்தின் நடுப்பகுதி எலும்புகள் சிறுத்து, மேலண்ணம் குறுகியிருப்பதால் நாக்குக்கு இடம் போதுவதில்லை. தசைகள் தளர்வாக இருப்பதும், ஒலிகளை அடுத்தடுத்து வரிசைப்படுத்தி வாயசைவாக மாற்றுவதில் மூளைக்கு ஏற்படும் சிரமமும் இதனுடன் சேர்ந்துகொள்கின்றன. அதனால்தான் ஒரே சொல் காலையில் தெளிவாகவும் மாலையில் குழறலாகவும் வருகிறது. தனிச் சொல்லாகக் கேட்டால் புரிவது வாக்கியத்துக்குள் வந்ததும் கரைந்துபோகிறது. “நேற்று நன்றாகச் சொன்னாயே, இன்றைக்கு என்ன பிடிவாதம்?” என்று கேட்பது இந்தக் காரணத்தால் நியாயமற்றது.

பயிற்சியாளரைத் தேடுவதற்கு முன் அவளது காதைச் சோதித்துவிடுங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் நான்கில் மூவர் வரை ஏதேனும் ஓர் அளவில் செவித்திறன் குறைவு காணப்படுகிறது. காதுத் துளை குறுகலாக இருப்பதால் அழுக்கு எளிதில் அடைத்துக்கொள்கிறது. நடுச்செவியில் நீர் கோத்துக்கொண்டு, வலியோ காய்ச்சலோ இல்லாமல் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கவும் கூடும். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள் என்பதை வைத்து முடிவு செய்ய முடியாது. சிறிதளவு கேட்புக் குறைவு கூடத் தமிழில் என்ன செய்யும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்று நாம் எழுதுகிறோமே தவிர, பேசும்போது இரண்டின் கடைசி மெய்யும் தேய்ந்துவிடுகிறது; ஒன்றில் மூக்கொலி சற்று மிஞ்சுகிறது, மற்றொன்றில் அதுவும் இல்லை. ஆணா பெண்ணா என்ற செய்தி முழுவதும் அந்த மெல்லிய மூக்கொலியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அது காதில் விழாத பிள்ளை அதைச் சொல்லப் பழகுவது எங்ஙனம்? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவில் கேட்புச் சோதனையையும் நடுச்செவி அழுத்தச் சோதனையையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். இதை ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் செய்வது நல்லது. தைராய்டு ரத்தப் பரிசோதனையும் ஆண்டுதோறும் வேண்டும். அதன் சுரப்பு குறைந்தால் குரல் கரகரத்து, பேச்சும் சுறுசுறுப்பும் மந்தமாகிவிடும்.

செலவும் நேரமும் வீணாகும் சில வழிகளையும் சொல்லிவிட வேண்டும். ஊதல் ஊதவைப்பது, மெழுகுவர்த்தியை அணைக்கவைப்பது, நாக்கை மேலும் கீழும் ஆட்டவைப்பது போன்ற பயிற்சிகளால் பேச்சுத் தெளிவடையும் என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை. ஊதிப் பழகினால் நன்றாக ஊத வரும், அவ்வளவே. பேச்சைப் பேசித்தான் பழக முடியும். நாக்கில் வசம்பு தேய்ப்பதாலும் பயனில்லை. நாக்கின் அடியிலுள்ள சவ்வை வெட்டிவிட்டால் பேச்சு வந்துவிடும் என்று எவரேனும் சொன்னால், நாக்கு உண்மையிலேயே கீழே ஒட்டியிருக்கிறதா என்று பேச்சு மொழி நிபுணர் ஒருவர் பார்த்துச் சொல்லும் வரை சம்மதிக்காதீர்கள்.

இனி அன்றாடத்துக்கு வருவோம். பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றாலும், எங்கே இறங்க வேண்டும் என்று நடத்துநர் கேட்கக்கூடும். அந்த ஒரு கேள்விக்கான விடைதான் உங்கள் மகளின் முதல் பாடமாக இருக்க வேண்டும். “சத்திரம்” என்ற ஒரே சொல்லை, வீட்டுக் கூடத்தில் நாற்காலிகளைப் பஸ் இருக்கைகளாகப் போட்டு, நடத்துநராக ஒருவர் நின்று கேட்க, சத்தமாகச் சொல்லிப் பழகட்டும். பிறகு மெய்யான பஸ்ஸில், நீங்கள் அவளுக்குப் பின் இருக்கையில் அமர்ந்துகொண்டு வாய் திறக்காமல் இருங்கள். அவள் வாயில் ‘சத்தம்’ என்று வந்தாலும் நடத்துநருக்குப் புரிந்துவிடும். அந்தத் தடத்தில் அவர் எதிர்பார்க்கக்கூடிய பெயர்கள் கொஞ்சம்தான். கேட்பவர் எதை எதிர்பார்க்கிறார் என்பதே பாதிப் புரிதல். ஆகவே எங்கு சென்றாலும் எதைப் பற்றிப் பேசப்போகிறாள் என்பதை முதலில் தெரிவிக்கப் பழக்குங்கள். பள்ளியில் நடந்ததைச் சொல்ல விரும்பினால், அன்றைய படம் ஒன்று செல்போனில் இருக்கட்டும். அதைக் காட்டிவிட்டுப் பேசினால், அதே குழறலான பேச்சில் முன்னைவிட அதிகம் விளங்கும்.

கடையில் கேட்க வேண்டிய நீண்ட வாக்கியங்களுக்கு எளிய உத்தி ஒன்று உண்டு. கெட்டி அட்டை ஒன்றில் நான்கு ஸ்டிக்கர் பொட்டுகளை இடைவெளி விட்டு ஒட்டுங்கள். ஒவ்வொரு பொட்டாக விரலால் தொட்டுக்கொண்டு, “அண்ணா, ஒரு, பால், பாக்கெட்” என்று ஒரு தொடுதலுக்கு ஒரு சொல்லாகச் சொல்லவையுங்கள். சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்வது குறையும், வேகமும் தணியும். சில மாதங்களில் அட்டை வேண்டியிராது. தொடையில் விரலால் தட்டிக்கொண்டே பேசிவிடுவாள். “மெதுவாகப் பேசு” என்று நூறு முறை சொல்வதைவிட இது நன்றாக வேலை செய்கிறது.

வீட்டாரின் பங்கு இதைவிடப் பெரியது, கடினமானதும் அதுவே. “பேர் என்னம்மா?” என்று விருந்தினர் அவளைப் பார்த்துக் கேட்கும்போது பதில் யாரிடமிருந்து வருகிறது என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலான குடும்பங்களில் அம்மாவோ அண்ணனோ முந்திக்கொள்கிறார்கள். அன்பினால் செய்வதுதான், ஆனால் பதினான்கு ஆண்டுகள் தனக்காகப் பிறர் பேசக் கேட்டவளுக்குப் பேச வேண்டிய அவசியமே ஏற்படுவதில்லை. கேள்வி கேட்டபின் மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். கேட்டதை விளங்கிக்கொண்டு, சொல்லைத் தேடி, வாயசைவைக் கூட்டுவதற்கு அவளுக்கு அந்த நேரம் தேவை. இடையில் கேள்வியை மாற்றிக் கேட்டால் அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். புரியாததற்குப் புரிந்ததுபோல் தலையாட்டாதீர்கள். இப்பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், சிலர் அதோடு பேச்சை நிறுத்தியும் விடுவார்கள். புரிந்த பாதியைத் திருப்பிச் சொல்லி, புரியாத பாதியை மட்டும் கேளுங்கள்: “கோயிலுக்குப் போனே, சரி. கூட யார் வந்தா?” அவள் “அக்கா வந்து” என்று முடித்தால், அதைப் பிழையென்று சுட்டாமல், “ஓ, அக்கா வந்தாளா!” என்று சரியான வடிவத்தில் திருப்பிச் சொன்னால் போதும். உறவினர் முன்னிலையில் “ஆன்ட்டிக்கு ரைம்ஸ் சொல்லு” என்று தேர்வு வைப்பதைக் கட்டாயம் கைவிட வேண்டும்.

வாசிப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் பேச்சுக்கு அது பெருந்துணை என்பதால் சொல்கிறேன். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குக் காதால் கேட்டதை நினைவில் நிறுத்துவது கடினம். கண்ணால் பார்த்தது அதைவிட நன்றாக நிற்கிறது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் சூ பக்லி என்ற உளவியலாளர் 1980-களிலிருந்து, அச்சிட்ட சொற்களைக் காட்டிப் பேச்சை வளர்க்கும் முறையை இதன் அடிப்படையில்தான் உருவாக்கினார். தமிழில் இதைச் செய்யும்போது ஒரு கவனம் வேண்டும். பாடநூலில் இருப்பதுபோல் ‘பேருந்து வந்தது’ என்று அட்டையில் எழுதினால், எவரும் பேசாத தமிழை அவள் கற்றுக்கொள்வாள். ‘பஸ் வந்துருச்சு’ என்றே எழுதுங்கள். ஆசிரியர்கள் முகம் சுளிக்கலாம். இந்த அட்டைகள் பேசுவதற்கானவை, தேர்வுக்கானவை அல்ல என்று எடுத்துச் சொல்லுங்கள்.

வீட்டு மொழியை மாற்ற வேண்டாம். இரண்டு மொழி கேட்டால் இப்பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள் என்ற அச்சத்தைக் கனடாவின் எலிசபெத் கே-ரெய்னிங் பேர்டும் சக ஆய்வாளர்களும் 2005-இல் சோதித்தார்கள். இருமொழிச் சூழலில் வளர்ந்த டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளின் ஆங்கிலம், ஆங்கிலம் மட்டுமே அறிந்த, அதே வளர்ச்சி நிலையில் உள்ள டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுடையதைவிட மோசமாக இல்லை. பாட்டியோடும் பால்காரரோடும் பேசத் தமிழ்தான் வேண்டும். பள்ளியில் கேட்கும் ஆங்கிலம் பள்ளியில் இருக்கட்டும். நீங்கள் சரளமாகப் பேசாத ஒரு மொழியில் அவளிடம் பேசினால் உங்கள் பேச்சே சுருங்கிப்போகும்.

செயலியைப் பற்றி உங்கள் மாமியாரின் அச்சம் பலருக்கும் உள்ளதுதான். பேச்சுக்குத் துணையாகச் சைகை, படம், கருவி ஆகியவற்றைப் பயன்படுத்தியவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியான ஆய்வுரையில், நம்பத்தக்க முறையில் பதிவான 27 பேரில் எவருக்கும் பேச்சு குறையவில்லை. பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேருக்குக் கூடியிருந்தது. சொன்னால் புரிகிறது என்ற அனுபவம் கிடைத்தவர் மேலும் சொல்லத் துணிகிறார். சென்னையில் உருவான ஆவாஸ் செயலியில் தமிழ்க் குரலும் உண்டு. பேச்சு எடுபடாத இடத்தில் கைகொடுப்பதற்காக அது இருக்கட்டும். முதலில் வாயால் சொல்லட்டும், எதிரில் இருப்பவருக்குப் புரியாவிட்டால் செயலியைத் தொடட்டும். அதில் ‘தண்ணீர் வேண்டும்’, ‘கழிப்பறை’ என்பவற்றோடு நிறுத்திவிடாமல், ‘எனக்குப் பிடிக்கல’, ‘என்னைத் தொடாதே’, ‘வலிக்குது’ ஆகியவற்றையும் கட்டாயம் சேர்த்துவிடுங்கள். வளரும் பெண்ணுக்கு இவை பால் பாக்கெட்டைவிட அவசரமான வாக்கியங்கள்.

பயிற்சிக்கு, 18 வயது வரையிலான பிள்ளைகளுக்காக இயங்கும் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்தை முதலில் அணுகலாம். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர்களிடமும் கேளுங்கள். விரிவான மதிப்பீடு தேவைப்பட்டால் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையிலான மருத்துவச் செலவுக்குள் இத்தகைய பயிற்சிகளும் அடங்கும். எங்கே சென்றாலும், ‘ர’ வரவில்லை, ‘ழ’ வரவில்லை என்று தொடங்காமல், அவள் பேச வேண்டிய இடங்களின் பட்டியலைப் பயிற்சியாளரிடம் கொடுங்கள்.

கடைசியாக, தனக்குத்தானே பேசுவது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பதின்ம வயதினரிலும் பெரியவர்களிலும் பெரும்பாலோர் அப்படிப் பேசிக்கொள்கிறார்கள். அன்றைய நிகழ்ச்சிகளை அசைபோடவும், அடுத்துச் செய்ய வேண்டியதைத் திட்டமிடவும், கோபத்தை ஆற்றிக்கொள்ளவும் அது அவர்களுக்கு உதவுகிறது. அதட்டவோ மந்திரிக்க அழைத்துச் செல்லவோ வேண்டியதில்லை. இதைத் தன் அறையில் செய்யலாம், பஸ்ஸில் வேண்டாம் என்று இடத்தை மட்டும் கற்றுக்கொடுங்கள். ஆனால் அந்தப் பேச்சில் திடீரென்று அழுகையோ தன்னையே திட்டிக்கொள்வதோ மிகுந்தால், அல்லது சில வாரங்களுக்குள் அவள் பேசுவது வெகுவாகக் குறைந்து, உணவிலும் உறக்கத்திலும் குளிப்பதிலும் நாட்டம் போய்விட்டால், அதை டவுன் சிண்ட்ரோமின் இயல்பு என்று விட்டுவிடக் கூடாது. மனச்சோர்வு, தைராய்டு, கேட்புக் குறைவு, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், எவரேனும் அவளைத் துன்புறுத்தியிருத்தல் எனப் பல காரணங்கள் இருக்கக்கூடும். அந்நிலையில் பேச்சுப் பயிற்சியாளரிடம் வருவதற்கு முன் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.