திரும்ப வந்த புற்றுநோய்: வன்னியிலிருந்து சில கேள்விகள்

முதல் தடவை புற்றுநோய் வந்தபோது சொந்தக்காரர் எல்லாரும் ஓடி வந்திருப்பார்கள். வெளிநாட்டுக் காசு வந்திருக்கும், நகை அடகுக்குப் போயிருக்கும். இரண்டாம் தடவை வரும்போது அடகு வைக்க நகையும் இருக்காது, திரும்பக் காசு கேட்க வாயும் வராது. இம்முறை வந்த கேள்விகள் அநேகமாக அந்த நிலையில் இருப்பவர்களுடையவை.

அம்மாவுக்கு ஆறு வருடத்துக்கு முன் மார்பில் புற்றுநோய் வந்து மாறியது. இப்போது முதுகெலும்பில் வந்திருக்கிறதாம். தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் குளிசைதான் தந்தார்கள். கனடாவில் இருக்கும் மாமா உடனே இந்தியாவுக்குக் கொண்டு போகச் சொல்கிறார். இரண்டு ஏக்கர் வயலை விற்கலாமா? (புதுக்குடியிருப்பு)

வயலைப் பற்றிப் பிறகு பார்ப்போம். முதலில் டொக்டரிடம் இதைக் கேளுங்கள்: இந்த வைத்தியம் நோயை முற்றாக மாற்றுவதற்கா, கட்டுப்படுத்தி வைப்பதற்கா, நோவைக் குறைப்பதற்கா? இதற்குப் பதில் தெரியாமல் எடுக்கிற காசு முடிவுகள்தான் பிறகு குடும்பத்தைப் போட்டு அழுத்துகின்றன.

எலும்புக்குப் பரவிய மார்புப் புற்றுநோயைப் பொதுவாக முற்றாக மாற்ற முடியாது. சென்னையிலும் முடியாது, ரொறன்ரோவிலும் முடியாது. ஆனால் கட்டுப்படுத்தலாம். ஹோர்மோன் மருந்துக்குக் கேட்கிற வகை என்றால் வருடக்கணக்கில்கூடக் கட்டுப்படுத்தலாம். குளிசை தந்ததும் கைவிட்டுவிட்டார்கள் என்று மாமா நினைக்கிறார் போல. அப்படியில்லை. அந்த வகைக்குப் பெரும்பாலும் குளிசையில்தான் தொடங்குவார்கள், கீமோ பிறகுதான். அதோடு சேர்த்துக் கொடுக்கிற பல்போசிக்லிப், ரைபோசிக்லிப் போன்ற புதிய குளிசைகளும் உண்டு. அவை நோயை இன்னும் கூடக் காலம் அடக்கி வைக்கும், விலையோ மிக அதிகம். மாமா உதவத்தான் நினைக்கிறார் என்றால், அம்மாவுக்கு அது பொருந்துமா, மாதம் எவ்வளவு முடியும் என்று கேட்டு அந்தக் கணக்கை அவருக்கு அனுப்புங்கள். விமானச் சீட்டைவிட அது பயன்படலாம்.

திரும்ப வந்த இடத்திலிருந்து பயொப்சி, அதாவது சோதித்துப் பார்க்கச் சிறு துண்டு, எடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். ஆறு வருடத்துக்கு முன் இருந்த நோயின் தன்மை இப்போது மாறியிருக்கலாம், மருந்தும் அதற்கேற்ப மாறும். எலும்பைப் பலப்படுத்த ஊசி போடப் போகிறார்கள் என்றால் அதற்கு முன் பல் டொக்டரைப் பார்த்துவிட வேண்டும். பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு பழுதாகக்கூடும். கால் விறைத்தாலோ, நடை தள்ளாடினாலோ, சலம் போக முடியாமல் இருந்தாலோ கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம். முள்ளந்தண்டு நரம்பு நெரிபடுகிறதாக இருக்கலாம், அன்றைக்கே கொண்டு போக வேண்டும்.

இன்னொரு டொக்டரின் அபிப்பிராயம் வேண்டுமென்றால் பயொப்சி றிப்போட்டையும் ஸ்கான் சீடியையும் பிரதி எடுத்து அனுப்பலாம். அதற்கு அம்மா கப்பலும் ஏற வேண்டாம், விமானமும் ஏற வேண்டாம்.

இனி வயல். உங்களிடம் இருப்பது சொந்தக் காணி உறுதியா, அரசாங்கம் தந்த பெர்மிட்டா? வன்னியில் நிறையப் பேரிடம் இருப்பது 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெர்மிட். பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அதை விற்க முடியாது. அவசரம் தெரிந்து அரைவிலைக்குக் கேட்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். காசை வாங்கிக் கொண்டு கையெழுத்து வைத்தாலும் அந்தக் கைமாற்றம் செல்லாது, பிணக்குத்தான் மிஞ்சும்.

தம்பிக்கு நிணநீர்ப் புற்றுநோய் திரும்ப வந்து கீமோ ஏற்றுகிறார்கள். போன முறை ஏற்றிப் பத்தாம் நாள் இரவு காய்ச்சல். பனடோல் கொடுத்து விடியும்வரை வைத்திருந்தோம். சரிதானே? (முள்ளியவளை)

சரியில்லை. இனி அப்படிச் செய்யாதீர்கள். கீமோ ஏற்றி ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் வெள்ளை அணு மிகக் குறைந்து போகும். அந்த நேரத்தில் 38 பாகை, அதாவது 100.4 பரனைட் காய்ச்சல் வந்தாலே அவசரம்தான். பனடோல் காய்ச்சலை மறைக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. தெல்லிப்பழைவரை போகவும் வேண்டாம். மாஞ்சோலை ஆஸ்பத்திரியோ கிளிநொச்சியோ, எது கிட்டவோ அங்கே போங்கள். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசம். வாசலிலேயே "கீமோ ஏற்றுகிற ஆள், காய்ச்சல்" என்று சொல்லி கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள், வரிசையில் இருக்க வேண்டாம். அன்ரிபயோட்டிக் ஒரு மணித்தியாலத்துக்குள் ஏற வேண்டும்.

வீட்டில் ஒரு வெப்பமானி வாங்கி வையுங்கள். நெற்றியில் கை வைத்துப் பார்த்து முடிவெடுக்கிற விஷயமில்லை இது.

கணவருக்குக் குடல் புற்றுநோய் மறுபடியும். கிழமைக்கு இரண்டு நுண்கடன் கட்ட வேண்டும். ஒன்றை அடைக்க இன்னொன்று எடுக்கட்டுமா? (தருமபுரம்)

எடுக்க வேண்டாம். கடன் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். சில கடன்களில் கடனாளிக்கோ துணைக்கோ நோய் வந்தால் காப்புறுதி இருக்கும், காசு அறவிட வருகிறவர் அதை நினைவுபடுத்த மாட்டார். ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் காட்டின் பிரதியோடு, தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரும்படி கிளை முகாமையாளருக்கு எழுத்தில் கொடுங்கள். பிரதியில் திகதியும் முத்திரையும் வாங்குங்கள். வாசலில் வந்து நின்று கத்துகிறவரிடம் வாயால் சொல்வதில் பலனில்லை.

அப்புறம் ஒருநாளை ஒதுக்கிப் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். மூன்று வேலை. மாகாண சமூக சேவைகள் திணைக்களத்தின் நோயாளர் மாதக் கொடுப்பனவுக்குப் புற்றுநோயாளரும் விண்ணப்பிக்கலாம், சமூக சேவைகள் உத்தியோகத்தரைக் கேளுங்கள். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு முன்பு கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பம் எடுக்கிறார்கள். குடும்ப வருமானம் பார்ப்பார்கள், சிகிச்சைக்கு முன்பே போடுவது நல்லது. அரசாங்கத்தின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு கிடைக்காமல் இருந்தாலோ குறைந்த பிரிவில் விழுந்திருந்தாலோ, நிலைமை மாறியதைச் சொல்லி மீளாய்வு கேளுங்கள். கிராம அலுவலரின் கடிதம் எல்லாவற்றுக்கும் கேட்பார்கள், ஒரே தடவையில் நாலைந்து பிரதி எடுத்துவிடுங்கள்.

கணவர் சேமலாப நிதி கட்டுகிற வேலையில் இருந்தால், பத்து வருடம் கட்டியிருந்து கணக்கில் 3 இலட்சம் ரூபாவுக்குக் குறையாமல் இருந்தால், மருத்துவத்துக்கு 30 சதவீதம்வரை எடுக்கலாம். தொழில் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

எனக்குத் தெரிந்து, அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம் என்றாலும் வன்னிக் குடும்பங்களைக் கரைப்பது வான் கூலியும் இழந்த நாட்கூலியும்தான். கீமோ ஏற்றுவதற்கு முன் செய்கிற இரத்தப் பரிசோதனையைக் கிளிநொச்சியில் செய்து முடிவைக் கொண்டு வரலாமா என்று கேளுங்கள். பல இடங்களில் சம்மதிப்பார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு பயணம் மிச்சம். மருந்து கைவசம் இல்லை, வெளியில் வாங்குங்கள் என்றால் மருந்தின் பொதுப் பெயரை எழுதி வாங்கி முதலில் அரசாங்க மருந்துக் கடையான ஒசுசலவில் விலை கேளுங்கள்.

மாமிக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் திரும்ப வந்திருக்கிறதாம். எம்.ஆர்.ஐ. எழுதியிருக்கிறார்கள். 2009இல் பட்ட ஷெல் துண்டு இடுப்பில் இருக்கிறது. பயமில்லையா? (வட்டுவாகல்)

எழுதின டொக்டருக்கும் ஸ்கான் எடுப்பவருக்கும் இரண்டு பேருக்கும் சொல்லுங்கள். படிவத்தில் உலோகம் பற்றிக் கேட்பார்கள், அவசரத்தில் "இல்லை" என்று போட்டுவிடக் கூடாது. காந்தத்துக்கு இழுபடும் துண்டு அசையலாம், சூடாகலாம். கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ பெரிய இரத்தக் குழாய்க்கோ கிட்ட இருந்தால் ஆபத்து. முதலில் எக்ஸ்ரே எடுத்து எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். சி.ரி. ஸ்கானுக்கு அந்தப் பயம் இல்லை, துண்டைச் சுற்றிப் படம் கொஞ்சம் கலங்கும், அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் எத்தனை உடம்புக்குள் இப்படித் துண்டு கிடக்கிறது! கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே இதை எழுதி வையுங்கள்.

அப்பாவுக்கு வாயில் புற்றுநோய் திரும்ப வந்துவிட்டது. இனி என்ன, வெற்றிலை போடட்டும் என்கிறார் சித்தப்பா. (மல்லாவி)

சித்தப்பாவின் இரக்கம் விளங்குகிறது. ஆனால் வைத்தியம் நடந்து கொண்டிருந்தால் வேண்டாம். புகையிலை மட்டுமல்ல, பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்தான். தொடர்ந்து போட்டால் புண் ஆறாது, புதிதாக இன்னொன்று வரவும் வாய்ப்புண்டு.

மோர்பின் எழுதினார்கள். அது கடைசி மருந்து என்று அம்மா தொட மாட்டேன் என்கிறா. (நெடுங்கேணி)

மோர்பின் நோவுக்கான மருந்து. நோயின் எந்தக் கட்டத்திலும் கொடுப்பார்கள், நோவு குறைந்தால் அளவையும் குறைப்பார்கள். டொக்டர் சொன்ன அளவில் எடுத்தால் மூச்சை நிறுத்தாது. முதல் சில நாள் தூக்கம் வரும், குமட்டும், பிறகு பழகிவிடும். பழகாதது மலச்சிக்கல் ஒன்றுதான், அதற்கான மருந்தையும் முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்குங்கள். சாதாரண மோர்பினை நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நேரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். நோவு ஏறினபிறகு கொடுத்தால் அடங்க நேரமெடுக்கும். சுகமாக இருக்கிறது என்று திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.