கேளுங்கள், சொல்கிறோம்: மண்ணீரலும் ரத்தக் கசிவும்

கேள்வி: கட்டி வெடித்த நாயின் மண்ணீரலை எடுத்தேன். எல்லா நாளங்களையும் கட்டிய பிறகும், நாய் மயக்கம் தெளிந்தபோது வயிற்றில் மறுபடி ரத்தம் சேர்ந்தது. எங்கே தவறியிருக்கும்?
(இளம் கால்நடை மருத்துவர், நாமக்கல்)

பதில்: முதல் சந்தேகம் முடிச்சின் மேல்தான். கொழுப்போடு சேர்த்து நாலைந்து நாளங்களை ஒரே கட்டாகக் கட்டியிருந்தால், அப்போதைக்கு இறுகியது போலத்தான் தெரியும். கொழுப்பு நசுங்கியதும் கட்டு தளர்ந்து, உள்ளே இருக்கும் நாளம் நழுவிவிடும். மயக்கத்தில் ரத்த அழுத்தம் குறைந்திருப்பதால் மேசையில் ஒன்றும் தெரியாது. விழித்து அழுத்தம் ஏறும்போது ஒழுகும். ஆகவே அழுத்தத்தை இயல்புக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு கட்டையும் மறுபடி பார்த்த பிறகே வயிற்றை மூடுங்கள்.

கொழுப்பை விலக்கி நாளங்களைத் தனித்தனியாகப் பிரியுங்கள். உடல் பக்கம் இரண்டு கட்டு, மண்ணீரல் பக்கம் ஒரு கிளாம்ப், நடுவில் வெட்டு. கரையும் நூல், 2-0 அல்லது 3-0 தடிமன் போதும். தடித்த தமனிக்கு இரண்டாவது கட்டை ஊசியால் குத்திப் போட்டால் நழுவாது. வெட்டு மண்ணீரலை ஒட்டியே இருக்கட்டும். கணையத்தின் இடது பகுதிக்குப் போகும் கிளைகள் மண்ணீரல் தமனியிலிருந்துதான் பிரிகின்றன.

பலர் தவறவிடும் இடம், மண்ணீரலின் தலைப்பக்கத்திலிருந்து இரைப்பைக்கு ஓடும் குட்டை நாளங்கள். விலா எலும்புக்குக் கீழே ஒளிந்திருக்கும்; வயிற்று வெட்டை மேலே நீட்டத் தயங்கினால் கண்ணில் படாது.

முடிந்தால் தமனியை முதலில் கட்டுங்கள். சிரையை முதலில் அடைத்தால் மண்ணீரல் ரத்தம் குடித்து வீங்கும். முறுக்கிக்கொண்ட மண்ணீரலென்றால் முறுக்கைப் பிரிக்காமலே கட்டி எடுங்கள்.

ஒரு நாளத்திலிருந்து என்றில்லாமல் எங்கும் ரத்தம் ஊறினால் அது கட்டின் குற்றமல்ல. உண்ணிக் காய்ச்சலில், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருக்கலாம். நம் ஊரில் தட்டணு எண்ணிக்கையைப் பரிசோதிக்காமல் கத்தி எடுப்பது வீண் துணிச்சல்.

கேள்வி: எங்கள் 30 கிலோ லேப்ரடாருக்கு இதே அறுவை. ரத்தம் எவ்வளவு ஏற்பாடு செய்வது?
(வாசகி, மதுரை)

பதில்: அதன் உடலில் ஏறக்குறைய இரண்டரை லிட்டர் ரத்தம் ஓடும். கிலோவுக்கு 20 மில்லி முழு ரத்தம், அதாவது 600 மில்லி, சிவப்பணு விகிதத்தைச் சுமார் 10 சதவீதப் புள்ளி உயர்த்தும். ஆரோக்கியமான பெரிய நாய் ஒரு தடவைக்கு 450 மில்லி வரை தரும். ஆகவே இரண்டு கொடை நாய்களைச் சொல்லி வையுங்கள். உங்கள் நாய்க்கு முன்பு ரத்தம் ஏற்றியிருந்தால் பொருத்தப் பரிசோதனை கட்டாயம். வீட்டுக்கு வந்த பின் ஈறு வெளுத்தாலோ வயிறு உப்பினாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள்.